ஏழைச் சிறுவரின் தோழர் சகோதரர் வால்பிரிட்

மக்கள் வாழ்க்கைக்கு விளையாட்டு இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். உடலுக்கு உரமும், உள்ளத்திற்குக் கிளர்ச்சியும், பிறரோடு கூடி வாழும் பண்பும் அதனாற் பெறப்படும். ஆயினும், ஆடுவார்க்கும் காண்பார்க்கும் இன்பம் பயத்தலோடு விளையாட்டின் பயன் முடிந்துவிடுமோ? ஆடுகளத்தின் வேலிக்கு அப்பால் பசித்து நிற்கும் குழந்தைக்கும் அதனால் ஆவதொன்று உண்டோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக்கிச் சென்ற பெரியார் ஒருவர் உளர். அவர் பந்தாடிப் புகழ் பெற்றவரல்லர், செல்வரும் அல்லர், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளியாசிரியர். ஸ்காத்லாந்து தேயத்துக் கிளாஸ்கோ மாநகரில், உலகறிந்த செல்டிக் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்த சகோதரர் வால்பிரிட் என்பாரே அவர். அவர்தம் வாழ்க்கையையும், அவர் கையில் வளர்ந்து பின்னர் அவர் கையை விட்டகன்ற அக்கழகத்தின் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்து நாட்டின் மேல்பால், சிலைகோ மாவட்டத்தில், பாலிமோட் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் ஜான் கெரின்ஸ் என்பார்க்கும் அவர் மனைவியார் எலிசபெத் அம்மையார்க்கும் மகனாக, 1840ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் நம் பெரியார் பிறந்தார். பெற்றோர் அவர்க்கு இட்ட பெயர் ஆண்ட்ரு என்பது.

அக்காலத்து அயர்லாந்தின் ஏழை உழவர்க்கு உருளைக்கிழங்கே உயிர்நிலை. நெல் விளையா ஆண்டில் நம் நாட்டார் படும் துயரினும் பெருந்துயரை, அக்கிழங்கு விளையா ஆண்டில் அவர் படுவர். ஏனெனின், அஃதன்றி உண்பதற்கு வேறு பொருள் அவரிடத்து இல்லை. 1845ஆம் ஆண்டில் ஒருவகை நோய் கிழங்குப் பயிரைப் பற்றி அழித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் பொய்த்தது. ஏறக்குறைய பத்து நூறாயிரம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர்; அத்துணையர் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்தனர். அப்பஞ்சம் தொடங்கியபோது ஆண்ட்ரு ஐந்தாண்டுச் சிறுவர். ஏட்டிற் படித்தறிந்ததன்று அவர் அறிந்த பசி. அண்டை வீட்டு அடுப்பில் தீ எழாமையைக் கண்டும், ஊரார் ஒவ்வொருவராய் மறைதலைக் கண்டும் வளர்ந்த பிள்ளைகளுள் அவரும் ஒருவர். பிற்காலத்து அவர் ஆற்றிய தொண்டின் வேர் இவ்விளமையிலே உளது என்று கருதுதல் தகும்.

1855இல், பதினைந்தாம் வயதில், நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பலொன்றில் அவர் கிளாஸ்கோ நகரம் போந்தார். பகற்பொழுதில் இருப்புப்பாதையிற் கூலிவேலை. இரவில் பள்ளிப் படிப்பு. இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன. ஓய்ந்த உடலோடு விளக்கொளியில் அமர்ந்து கற்ற அவ்விளைஞர், கல்வியொன்றே ஏழையைக் கரையேற்றும் புணையாம் என்று தெளிந்தார். 1864இல் மாரிஸ்ட் சகோதரர் என்னும் கத்தோலிக்கத் துறவு சபையிற் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாமல், மணவாழ்வையும் உடைமையையும் துறந்து, இளைஞர்க்குக் கல்வி புகட்டுதலையே வழிபாடாகக் கொண்ட சபை அது. அதன் விதிப்படி பழம்பெயர் நீங்கி, வால்பிரிட் என்னும் பெயர் பூண்டார். பிரான்சு தேயத்திற் பயிற்சி பெற்று, மீண்டும் கிளாஸ்கோவிற்கே ஆசிரியராக வந்தார்.

பள்ளியும் உணவுச்சாலையும்

கிளாஸ்கோவின் கீழைப்பகுதி அந்நாளில் ஆலைப்புகையும் வறுமையும் ஒருங்கே சூழ்ந்த இடம். பஞ்சத்திற்குத் தப்பி வந்த அயர்லாந்து மக்கள் அங்கே குறுகிய அறைகளிற் பல குடும்பங்களாக நெருங்கி வாழ்ந்தனர். கூலி குறைவு, வேலையோ நிலையற்றது. வந்தேறிகள் என்றும், வேறு சமயத்தார் என்றும் நகரத்தார் பலர் அவர்களை வெறுத்தனர். குழந்தைகள் ஆண்டு நிரம்புமுன் இறத்தல் அங்கே அன்றாட நிகழ்ச்சியாயிருந்தது.

1874இல் பிரிட்ஜ்டன் பகுதியிலுள்ள திரு இருதயப் பள்ளிக்கு வால்பிரிட் தலைமையாசிரியராயினார். அவர் முன் அமர்ந்த மாணவர் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பள்ளிக்கு வருதலும் அரிதாகும். இதனைக் கண்ட அவர், 1884ஆம் ஆண்டையொட்டி, வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணைகொண்டு ஏழைச் சிறுவர்க்கு உணவுச்சாலை ஒன்றை அமைத்தார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான உணவு கிடைக்கும். அதுவும் இயலாத பெற்றோர் வீட்டிலிருந்து ரொட்டி கொடுத்தனுப்பினால், அரைப் பென்னிக்கு ஒரு கிண்ணம் சாறு வார்க்கப்படும். முற்றும் இலவசமாக ஈயாது சிறுபொருள் பெற்றமை, பெற்றோரின் மானம் காக்கும் பொருட்டு என்க. ஒன்றுமே இல்லாதாரை அவர் வெறுங்கையராய்த் திருப்பியதுமில்லை.

இங்கே ஓருண்மையை மறையாது கூறல் வேண்டும். அந்நகரில் புரோட்டஸ்டாந்து சபையார் நடத்திய கஞ்சிச்சாலைகளும் இருந்தன. அவற்றிற்குச் செல்லும் பிள்ளைகள் தம் சமயத்தை விட்டு நீங்குவரோ என்னும் அச்சமும் வால்பிரிட்டின் முயற்சிக்கு ஒரு காரணமாகும். இரு திறத்தாரும் கிறிஸ்துவின் பெயராலேயே கஞ்சி வார்த்தனர். ஆனால், ஒருவர் கிண்ணத்தை மற்றவர் ஐயுற்றனர். அக்காலத்தின் நிலை அது. ஆயினும், அச்சத்தில் ஒரு கூறு பிறந்த அவ்வறம் அச்சத்தோடு நில்லாமல் வளர்ந்தமையை மேலே காண்போம்.

கழகத்தின் தோற்றம்

உணவுச்சாலை நடத்தப் பொருள் வேண்டுமே! ஏழைகளிடம் எத்துணைதான் இரக்க முடியும்? அக்காலத்து ஸ்காத்லாந்தின் தொழிலாளரைக் கால்பந்தாட்டம் வெகுவாகக் கவர்ந்திருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் ஆலைச்சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் ஆடுகளம் நோக்கி விரைவர். வயிற்றுக்கில்லாதவரும் ஆட்டத்திற்குச் சில காசு மிச்சம் பிடிப்பர். அக்காசு ஆடுகளத்து வாயிலில் விழுந்து, அவர்தம் குழந்தைகளின் கிண்ணத்திற்குத் திரும்பினால் என்ன என்பதே வால்பிரிட்டின் எண்ணம்.

இதற்கு வழிகாட்டியும் ஒன்று இருந்தது. எடின்பரோ நகரத்து அயர்லாந்து மக்களுக்காக, ஹன்னான் என்னும் குருவானவர் 1875இல் ஹைபெர்னியன் கழகத்தை நிறுவியிருந்தார். அக்கழகம் 1887ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஸ்காத்லாந்துக் கிண்ணத்தை வென்று, கிளாஸ்கோவின் புனித மரியம்மை ஆலய மண்டபத்தில் அவ்வெற்றியைக் கொண்டாடியது. ஏழைச் சிறுவர் உணவுநிதிக்காக அது கிளாஸ்கோவிலும் அறப்போட்டி ஆடியது. வால்பிரிட், பிறர் வந்து ஆடித் தருவதினும் நமக்கென ஒரு கழகம் இருத்தல் நன்று என்று துணிந்தார். 1887 நவம்பர் 6ஆம் நாள், அதே மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் கழகம் உருப்பெற்றது. அயர்லாந்தார்க்கும் ஸ்காத்லாந்தார்க்கும் பொதுவாகிய தொல்லினத்தைக் குறிக்கும் செல்டிக் என்னும் பெயரை அவரே தேர்ந்தார். வந்த நாட்டையும் விட்ட நாட்டையும் ஒரு சொல்லிற் பிணைத்த அப்பெயரில் அவர் உள்ளம் விளங்குதல் காண்க. ஹைபெர்னியன் கழகம் கத்தோலிக்கரை மட்டுமே ஆட்டக்காரராகச் சேர்த்தது. செல்டிக் கழகமோ பிற சபையார்க்கும் தன் வாயிலை அடைக்கவில்லை. முன்னர்க் கூறிய அச்சத்தைக் கடந்த இடம் இது.

1888 சனவரியில் உதவி வேண்டிச் சுற்றறிக்கை ஒன்று விடுக்கப்பெற்றது. கீழைப்பகுதியின் மூன்று பங்குகளிலுள்ள உணவுச்சாலைகளை நடத்தப் பொருள் ஈட்டுதலே கழகத்தின் முதல் நோக்கம் என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டது. அதிமேற்றிராணியார் ஏர் அவர்களின் பெயர் கொடையாளர் வரிசையில் முன்னின்றது. ஆண்டிற்கு 50 பவுன் வாடகைக்கு, கல்லறைத் தோட்டமொன்றின் அருகே ஒரு நிலம் கிடைத்தது. நாள் முழுதும் உழைத்துக் களைத்த தொழிலாளர், மாலையில் மண்வெட்டியோடு வந்து கூலி பெறாது அந்நிலத்தைச் சமப்படுத்தினர். ஆறே மாதத்தில் ஆடுகளம் ஆயத்தமாயிற்று.

ஆட்டக்காரரைத் தேடுதலிலும் வால்பிரிட் முன்னின்றார். 1887 டிசம்பரில், ஜான் கிளாஸ் முதலிய நண்பருடன் தாமஸ் மேலி என்னும் ஆட்டக்காரரை அழைக்க அவர் இல்லம் சென்றார். அவர் அப்போது வீட்டில் இல்லை. அவர் தம்பி வில்லியம் எதிர்ப்பட்டார். வந்தவர் அவ்விளைஞரையும் ஒருமுறை வந்து ஆடிப் பார்க்குமாறு அழைத்துச் சென்றனர். போகிற போக்கில் விதைத்த அவ்விதை பெருமரமாயிற்று. வில்லியம் மேலி, 1897 முதல் 1940 வரை அக்கழகத்தின் மேலாளராய் விளங்கி, அதன் புகழை நிலைநாட்டினார்.

1888 மே 28ஆம் நாள் செல்டிக் தன் முதற்போட்டியை ஆடியது. எதிர்த்தவர் அந்நகரத்து ரேஞ்சர்ஸ் கழகத்தார். ஏறத்தாழ 2,000 பேர் கண்டுகளித்தனர். நீல் மக்கல்லம் என்பார் முதற் கோல் அடித்தார். ஐந்துக்கு இரண்டு என்னும் கணக்கிற் செல்டிக் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு கழகத்தாரும் ஆலய மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்து உண்டு, பாடி மகிழ்ந்தனர். பிற்காலத்தில் இவ்விரு கழகத்தாரின் ஆதரவாளரிடையே சமயப் பகையும் புகுந்து நகரை இரு கூறாக்கிற்று. அப்பகையைக் கேள்வியுறுவோர், முதல் நாளில் இருவரும் ஒரே பந்தியில் இருந்தமையை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வளர்ச்சியும் வடுவும்

கழகம் வியக்கத்தகு விரைவில் வளர்ந்தது. முதற் பருவத்திலேயே ஸ்காத்லாந்துக் கிண்ணத்தின் இறுதிப்போட்டியை எட்டி, தேர்டு லானார்க் கழகத்திடம் தோற்றது. அப்பருவத்தில் 400 பவுனுக்கு மேல் அறச்செயல்களுக்கு அளித்தது. ஆண்டு வாடகை 50 பவுனாக இருந்த அந்நாளில் அஃது எத்துணைப் பெருந்தொகை என்பதை உய்த்துணர்க. உணவுச்சாலைகளில் அடுப்பு அணையாது எரிந்தது.

ஆயின், வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. வெல்லும் கழகத்தைக் காணவே மக்கள் திரள்வர். மக்கள் திரண்டாலன்றிப் பொருள் சேராது. பொருள் சேர்ந்தாலன்றிப் பசி தீராது. ஆகவே, வெல்லவல்ல ஆட்டக்காரர் வேண்டும். 1888ஆம் ஆண்டிலே, ஹைபெர்னியன் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் சிலரைச் செல்டிக் தன்பால் ஈர்த்துக்கொண்டது. ஆட்டத்திற்கு ஊதியம் பெறுதல் ஸ்காத்லாந்தில் 1893 வரை விதிக்கு மாறானது. ஆதலின், கைம்மாறு மறைவாகவே வழங்கப்பட்டது என்பர். வழிகாட்டிய கழகம் நலிந்தது. 1891இல் ஆட்டமே நின்று, பின்னரே மீண்டும் எழுந்தது. ஒரு குழந்தையின் பசி தீர்க்கப் புகுந்த கை, அண்டை வீட்டு விளக்கை அணைத்ததாயிற்று. நன்னோக்கம் ஒன்றே நல்வழிக்குப் பிணையாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வால்பிரிட் கழகத்தின் உயிர்நிலையாய் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது. பெரியாரின் புகழை மட்டும் பாடிக் குறையை விடுத்தல் வரலாறாகாது. ஆகவே இதனையும் கூறினேம்.

1892ஆம் ஆண்டு கழக வரலாற்றில் மறக்கவொண்ணாதது. நிலத்துக்குரியவர் வாடகையை 50 பவுனிலிருந்து 450 பவுனாக உயர்த்தவே, கழகத்தார் அண்மையிலிருந்த வேறொரு நிலத்தை எடுத்தனர். அது நீர் தேங்கிய பழைய செங்கற்சூளைக் குழி. வண்டி வண்டியாய் மண் கொட்டி அதனைத் தூர்த்தனர். அயர்லாந்து உழவர் உரிமைக்குப் போராடிய மைக்கேல் டாவிட் என்னும் தலைவர் மார்ச்சு மாதத்தில் வந்து, அயர்லாந்து மண்ணிலிருந்து கொணர்ந்த புற்பாளத்தை அங்கே பதித்தார். கல்லறைத் தோட்டத்தருகிலிருந்து பெயர்ந்து சென்ற இடமாதலின், மக்கள் அதனைப் பரதீசு என்று செல்லப்பெயரிட்டு அழைத்தனர். ஏப்பிரலில் குயின்ஸ் பார்க் கழகத்தை ஐந்துக்கு ஒன்றென வென்று, செல்டிக் முதன்முறையாக ஸ்காத்லாந்துக் கிண்ணத்தைக் கைக்கொண்டது. ஏழைத் தெருக்கள் விழாக்கோலம் பூண்டன.

அவ்வெற்றியின் ஆரவாரம் ஓய்ந்த சில திங்களில், ஆகஸ்டு மாதத்தில், சபைத் தலைவரின் கட்டளை வந்தது. வால்பிரிட் கிளாஸ்கோவை விட்டு இலண்டனுக்குச் செல்லல் வேண்டும். கழகத்தின் பொருளும் புகழும் உச்சியில் நின்ற நேரம். அதன் போக்கைக் காக்க அவர் தேவையென்று பலர் எண்ணிய நேரம். அவர் மறுத்துரைத்தாரல்லர். கீழ்ப்படிதல் அவர் ஏற்ற நோன்பு. மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அவர் சென்றபின் நிகழ்ந்தது யாது? உணவுச்சாலைகளுக்குச் சென்ற பொருள் சுருங்கிற்று. கழகத்தை வாணிக முறையில் நடத்தல் வேண்டும் என்பாரும், அறமே அதன் உயிர் என்பாரும் பல கூட்டங்களில் மாறுபட்டு வழக்காடினர். 1897இல் கழகம் லிமிடெட் கம்பெனியாக மாறியது. பங்குதாரர்க்கு இலாபம் பகிரப்பட்டது. ஏழைச் சிறுவரின் கிண்ணத்தை நிரப்பப் பிறந்த கழகத்திற்கு அது முதற்கடமையாக இல்லாது போயிற்று. வாணிக முறையை விரும்பினார் பக்கலிலும் நியாயம் இல்லாமலில்லை. பெருங்களத்தையும், ஊதியம் பெறும் ஆட்டக்காரரையும், வளர்ந்த கடனையும் தாங்க ஒழுங்கான அமைப்பு வேண்டியதே. ஆயினும், ஆபுத்திரன் கையிலிருந்தவரை அமுதசுரபிக்குப் பெருமை, அது நிறைந்திருந்ததனால் அன்று, பசித்தார்க்குச் சுரந்ததனால் என்பதை நாம் அறிவோம். ஈயாத பாத்திரம் நிரம்பியிருந்தும் வறும்பாத்திரமே.

இறுதிக்காலம்

இலண்டன் சென்ற வால்பிரிட், தாம் கண்ட கழகம் தம் நோக்கத்தினின்று விலகுதலைப் பற்றி ஊரறியப் பூசலிட்டவரல்லர். அவர் செய்தது வேறு. இலண்டனின் கீழைப்பகுதியிலும் ஏழைச் சிறுவர் இருந்தனர். அவர்களுக்காக அங்கும் பந்தாட்டங்களை ஏற்பாடு செய்தார். கிளாஸ்கோவிற் பெருங்கழகம் கண்ட கை, இலண்டனில் வெறுங்காற் சிறுவர் சிலரைக் கூட்டி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அவர் பெருமை அனைத்தும் இதன்கண் அடங்கியுளது என்பது எம் துணிபு. தாம் நட்ட மரத்தின் கனியைப் பிறர் கொண்டனரே என்று வேலியருகே நின்று புலம்பாமல், அடுத்த நிலத்தில் மற்றொரு விதையை ஊன்றினார்.

1911இல் செல்டிக் ஆட்டக்காரர் ஐரோப்பிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்து இலண்டன் வழியாகத் திரும்பினர். மேலாளர் வில்லியம் மேலி அவர்களோடு இருந்தார். எழுபதாண்டு கடந்த முதியவராகிய வால்பிரிட் அவர்களைக் கண்டு அளவளாவினார். முதல் நாளைய தோழர் பலர் அதற்குள் மறைந்திருந்தனர். ஆட்டக்காரரோ அவர் அறியாத இளைஞர். அவர்களைக் கண்டு அம்முதியவர் மகிழ்ந்தாரேயன்றிக் குறை கூறினாரல்லர். பின்னர் ஸ்காத்லாந்தின் தென்பாலுள்ள டம்பிரீஸ் நகரத்துச் சபை இல்லத்திற் கடைநாட்களைக் கழித்து, 1915 ஏப்பிரல் 17ஆம் நாள், தம் எழுபத்துநான்காம் வயதில் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் உடல் அவ்வூரிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. விட்டுச்சென்ற உடைமை என ஒன்றும் இல்லை.

பின்னை நிகழ்ச்சிகள்

அவர்தம் கழகம் உலகப் புகழ் எய்திற்று. 1967 மே 25ஆம் நாள், போர்த்துக்கல் தேயத்து லிஸ்பன் நகரில், இத்தாலியரின் இன்டர் மிலான் கழகத்தை இரண்டுக்கு ஒன்றென வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. பிரித்தானியத் தீவினர் எவரும் அதற்குமுன் பெறாத வெற்றி அது. அன்று ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் எல்லைக்குள் பிறந்தவர் என்பது எண்ணி எண்ணி மகிழற்பாலது. பெரும்பொருள் கொடுத்துத் தொலைநாட்டு வீரரை வாங்கி வென்ற வெற்றியன்று. சுற்றுப்புறத்துத் தெருக்களில் விளைந்த வெற்றி.

மறந்த நோக்கமும் முற்றும் மறைந்தொழியவில்லை. 1995இல் கழகம் தன் பெயரால் அறநிதி ஒன்றை நிறுவி, தோன்றிய காரணத்தை நினைவுகூர்ந்தது. 2005 நவம்பரில், ஆதரவாளர் திரட்டிய பொருளால் வால்பிரிட்டின் வெண்கலச் சிலை ஆடுகளத்தின் முன் நாட்டப்பெற்றது. ஆட்டம் காண விரைவோர் எல்லாரும் அவ்வாசிரியரைக் கடந்தே உள்ளே செல்கின்றனர். உள்ளே எழும் ஆரவாரம் யார்பொருட்டுத் தொடங்கிற்று என்பதை அச்சிலை வாய்திறவாது வினவுகின்றது.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியிலும் ஆடுகளம் உண்டு, கழகங்கள் உண்டு, கிண்ணங்களும் கேடயங்களும் கண்ணாடிப் பேழைக்குள் ஒளிர்கின்றன. அவை போற்றத்தக்கனவே. ஆயினும், நாம் நிறுவும் எச்சங்கமும், விளையாட்டுக்காயினும் தமிழுக்காயினும் தொண்டுக்காயினும், தோன்றிய நாளில் யாரை நினைந்து தோன்றிற்று என்பதை ஆண்டுதோறும் ஒருமுறை தன்னைத்தானே வினவிக்கொள்ளல் வேண்டும். உறுப்பினர் பெருகலாம், நிதி பெருகலாம், பெயரும் பெருகலாம். அவற்றிடையே முதல் நாளில் வாயிலருகே நின்ற அப்பசித்த முகம் மறைந்துவிடுமாயின், எஞ்சியது ஆரவாரமே.

அவ்வாறு மறைந்த இடத்தும் மனம் முறியற்க. கழகம் கைவிட்டபோதும் வால்பிரிட் ஏழைச் சிறுவரைக் கைவிட்டிலர். அடுத்த தெருவில் ஒரு பந்தும் சில சிறுவரும் அவர்க்குப் போதுமாயிருந்தன. நமக்கும் அவை போதும். அப்பெரியாரின் புகழ் நீடுவாழ்க!